மழைக் கணக்கில் விழுந்த சைபர்கள்

"எனக்குத் தெறக்குதே அம்மிணி. அப்பறம் என்ன?"

எங்கள் கம்ப்யூட்டிங் சென்டரின் தலைவர் அந்த ஒரு வாரத்தில் இதை எத்தனை தடவை சொன்னார் என்று எண்ணவில்லை. ஒவ்வொரு தடவையும் நான் பல்லைக் கடித்துக்கொண்டு "சரிங்க சார்" என்றேன். இப்போது நினைத்தால் அந்த 'சரிங்க சார்'கள் மேல்தான் எனக்கு அதிக எரிச்சல்.

வாளையார் செக்போஸ்ட் தாண்டி பாலக்காட்டுப் பக்கம் வந்தால், லாரிகள் ஓயாத நெடுஞ்சாலையை விட்டுக் கொஞ்சம் உள்ளே தள்ளி எங்கள் ஆராய்ச்சி நிறுவனம். பெயர் வேண்டாம். நான் பாலக்காட்டுச் சித்தூர்க்காரி. தினமும் இரண்டு பஸ் மாறி வருவேன். படிப்பு முடிந்ததும் கிடைத்த முதல் வேலை. சம்பளம் சுமார்தான். ஆனால் அந்தக் குளிர்ந்த அறைக்குள் நிற்கும் மெஷின்களைப் பார்த்த அன்றே நான் விழுந்துவிட்டேன். வீட்டில், "ஒரு ரூம்புல நின்னு ஏசி காத்து வாங்கறதுக்கா இவ்வளவு படிச்சே?" என்று அப்பா கேட்டதற்கு ஒரு மணி நேரம் விளக்கம் கொடுத்தேன். அவர் பாதியில் தூங்கிவிட்டார்.

அந்த விளக்கத்தைச் சுருக்கமாக இங்கேயும் சொல்லிவிடுகிறேன். கணக்குப் போடும் மெஷின்கள் ஒரு பக்கம். கோப்புகளைச் சேமிக்கும் சர்வர்கள் இன்னொரு பக்கம். ஒரு பெரிய கோப்பை ஒரே இடத்தில் வைப்பதில்லை. துண்டு துண்டாக வெட்டி எல்லாச் சேமிப்பு சர்வர்களிலும் பரப்பி வைப்போம். கேட்கும்போது எல்லா சர்வர்களும் ஒரே நேரத்தில் தங்கள் துண்டைத் தரும். அதனால்தான் வேகம். உபயோகிப்பவருக்கு இது எதுவும் தெரியாது. அவர் கண்ணுக்கு ஒரே ஃபோல்டர், ஒரே ஃபைல். எந்த மெஷினில் உட்கார்ந்து திறந்தாலும் அதே ஃபைல்தான் வர வேண்டும். அது எங்கள் வாக்கு. அந்த வாக்குதான் உடைந்தது.

நவராத்திரி பூஜை விடுமுறை முடிந்து மெஷின்களைத் திரும்ப ஓட விட்டோம். அடுத்த வாரமே எங்கள் கண்ணாடிக் கதவைத் தட்டிக்கொண்டு ஒரு ஆராய்ச்சி மாணவி வந்து நின்றார். இடுக்கியில் ஒரு தேயிலை எஸ்டேட்டில், தொழிலாளர்களுக்கான லயத்து வீட்டில் பிறந்து வளர்ந்தவர். அப்பா தேயிலை ஃபேக்டரியில், அம்மா கொழுந்து பறிப்பதில். என்னைவிட நாலைந்து வயது மூத்தவர் என்பதால் நான் அக்கா என்பேன். அவர் என்னை 'பிள்ள' என்பார். மலைச்சரிவில் மழைநீர் எவ்வளவு இறங்கினால் மண் எப்போது பெயரும் என்பதுதான் அவருடைய ஆராய்ச்சி. அவர் கணக்குப் போட்ட சரிவுகளில் ஒன்று அவருடைய லயத்துக்கு நேர் மேலே இருந்தது. இதை அவர் யாரிடமும் பெரிதாகச் சொல்லிக்கொள்ள மாட்டார்.

"பிள்ள, இதைக் கொஞ்சம் பாரு. நான் போட்ட ரன்னு முடிஞ்சிருச்சுன்னு காட்டுது. ஆனா ரிசல்ட்ட தொறந்தா நடுவுல பூரா சைபரா கெடக்கு. கொட்டுற மழைக்கு நடுவுல திடீர்னு சொட்டுத் தண்ணி இல்ல. அப்புறம் மறுபடி கொட்டுது. எங்க ஊர்ல ஆடி மாசம் மழை இப்படி லீவு போடாது."

அவர் குறை சொல்ல வரவில்லை. பார்த்ததும் ஒழுங்காக வந்து தெரிவித்தார். இதை நன்றாக நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். எங்கள் தலைவர் வைத்துக்கொள்ளவில்லை.

தலைவர் தன் மேஜையிலிருந்தே அந்த ஃபைலைத் திறந்தார். திறந்தது. இன்னொன்றையும் திறந்தார். அதுவும் திறந்தது. "ஃபைலெல்லாம் நல்லாத்தான் இருக்குது. உள்ள சைபர் இருந்தா அது அவங்க போட்ட கணக்கு" என்று சொல்லிவிட்டு, அக்கா வெளியே போனதும் என் பக்கம் திரும்பினார்.

"தோட்டத்துல இருந்து வர்ற புள்ளைக. ஊட்டுல கம்ப்யூட்டரையே பார்த்திருக்காது. எதையாச்சும் அமுக்கியிருக்கும்."

"எங்க ஊட்டுலயுந்தான் நான் காலேஜ் போற வரைக்கும் கம்ப்யூட்டர் இல்லீங்க சார்."

"நீ வேற அம்மிணி. நீ நம்ம ஆளு."

அவரும் சித்தூர்ப் பக்கம்தான். மற்றவர்களிடம் மலையாளம், என்னிடம் மட்டும் இந்தக் கொங்குத் தமிழ். அதுவரை அந்தத் தமிழ் எனக்குப் பிடித்திருந்தது.

மறுநாள் அவர் ஒரு மெயில் அனுப்பினார். அக்காவின் ஆராய்ச்சி கைடுக்கு, காப்பி மொத்த டிபார்ட்மெண்டுக்கும். உபயோகிப்பவரின் கவனக்குறைவால் கோப்புகள் பழுதாகியுள்ளன, ஆய்வுக் குழு பார்த்து முடிவு சொல்லும் வரை இவருடைய அனுமதி நிறுத்தி வைக்கப்படுகிறது. இவ்வளவுதான் விஷயம். ஆய்வுக் குழு வியாழக்கிழமை கூட இருந்தது. அக்காவுக்கு இன்னும் ஒரு வருஷம் நீட்டிப்புத் தருவதா இல்லையா என்று அன்றைக்குத்தான் முடிவு. 'சொந்த டேட்டாவையே பாழாக்கிக்கொண்டவர்' என்ற பெயரோடு அந்த அறைக்குள் போனால் நீட்டிப்பு கிடைக்காது. கிடைக்காவிட்டால் படிப்பு அதோடு சரி, பெட்டியைக் கட்டிக்கொண்டு மலை ஏற வேண்டியதுதான்.

நான் மெயிலைப் படித்தபோது என் காது சூடானது. ஒரு சோதனையும் செய்யாமல், தன் மேஜையில் இரண்டு ஃபைல் திறந்ததை வைத்து ஒரு ஆளின் படிப்பையே முடிக்கிற தைரியம் எங்கிருந்து வருகிறது?

அக்காவின் லாகின் பூட்டப்பட்டிருந்ததால் நான் என் நிர்வாக உரிமையில் அவருடைய கோப்புகளைத் திறந்து பார்த்தேன். பழைய மெஷின் ஒன்றிலிருந்து திறந்தேன், சட்டென்று வந்தது. போன வருஷம் வாங்கிய புது மெஷினிலிருந்து அதே ஃபைலைத் திறந்தேன். கர்ஸர் கண்ணைச் சிமிட்டிக்கொண்டே நின்றது. வரவில்லை, பிழைச் செய்தியும் இல்லை. பக்கத்திலேயே ஒரு சின்ன ஃபைல். அது அதே புது மெஷினில் உடனே திறந்தது. இன்னொரு பெரிய ஃபைல் பாதி வரை வந்து நின்றது.

எனக்குப் பொறுமை கிடையாது. பாதி பார்த்ததுமே முடிவு கட்டிவிட்டேன்: டிஸ்க் சாகப் போகிறது. ஓடிப்போய் தலைவரிடம் சொன்னேன். ஒரு பகல் முழுக்க ஒவ்வொரு டிஸ்க்காகச் சோதித்தேன். எல்லாம் கல்லுப் போல நன்றாக இருந்தன.

"என்ன டாக்டரம்மா, நோயாளி பொழச்சுக்கிட்டானா?" என்றார் தலைவர், டீ கிளாஸைச் சுழற்றிக்கொண்டே. சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். "எனக்குத் தெறக்குதுன்னு அப்பவே சொன்னனே."

"புது மெஷின்ல தெறக்கலீங்க சார்."

"அப்ப பழைய மெஷின்ல தெறக்கச் சொல்லு!"

இதுதான் பதிலா? புது மெஷின்களுக்காகத்தான் நிறுவனம் அத்தனை ஆர்ப்பாட்டம் செய்தது, ரிப்பன் வெட்டியது. அக்காவின் கணக்கைப் பழைய மெஷினில் ஓட்டினால் அடுத்த ஆடிக்குத்தான் முடியும்.

கேன்டீனில் அக்காவைப் பார்த்தேன். புட்டை உதிர்த்துக்கொண்டே இருந்தாரே தவிர சாப்பிடவில்லை. நான் சோதித்ததையெல்லாம் கொட்டினேன். கேட்டுவிட்டுச் சிரித்தார்.

"எங்க எஸ்டேட்டு டாக்டர் மாதிரிதான் உன் மெஷினும். மேனேஜர் ஊட்டு ஆளு போனா டிஸ்பென்சரில இருப்பாரு. நாம போனா கேம்ப் போயிட்டாருன்னு சொல்லுவாங்க. ஆளப் பாத்துக் கதவு தொறக்கும்."

"சிரிக்காதீங்கக்கா. எனக்கு எரியுது."

"எனக்கு எரியலன்னா நெனைக்கிற? நீ கத்து. நான் கத்துனா, பாத்தியா வாயும் சேந்து நீளம்னு அதுக்கும் ஒரு மெயில் போடுவாங்க."

அது உண்மை. அந்த உண்மையைவிட, அவர் வேடிக்கையாகச் சொன்ன டாக்டர் விஷயம் என்னைப் பிடித்துக்கொண்டது. ஆளைப் பார்த்துக் கதவு திறக்கிறது. நான் இத்தனை நேரமும் எந்த ஃபைல் திறக்கவில்லை என்றே பார்த்துக்கொண்டிருந்தேன். கேட்கிறது யார், கொடுக்கிறது யார் என்று பார்க்கவே இல்லை.

கைகூடக் கழுவாமல் ஓடினேன். ஒவ்வொரு மெஷினிலிருந்தும் ஒவ்வொரு சேமிப்பு சர்வரையும் தனித்தனியாகக் கூப்பிட்டுப் பார்த்தேன். மதியத்துக்குள் படம் தெளிந்தது. பழைய மெஷின்கள் கேட்டால் எல்லா சர்வரும் கொடுக்கின்றன. புது மெஷின்கள் கேட்டால் ஒரே ஒரு சர்வர் மட்டும் கொடுக்கவில்லை. ஒரு ஃபைலின் ஏதாவது துண்டு அந்த சர்வரில் இருந்தால் அங்கே போய் நின்றுவிடுகிறது. துண்டு அங்கே இல்லாத ஃபைல்கள் ஒழுங்காகத் திறக்கின்றன. அந்த சர்வரை 'இருக்கிறாயா?' என்று மட்டும் கேட்டால், இருக்கிறேன் என்று ஒழுங்காகப் பதில் வருகிறது.

'இருக்கிறாயா?' என்பது சின்னக் கேள்வி. புது மெஷின்களும் சேமிப்பு சர்வர்களும் பேசிக்கொள்ளும்போது டேட்டாவைப் பெரிய பெரிய பொட்டலங்களாகக் கட்டி அனுப்பும்; வேகத்துக்காக நாங்களே அப்படி வைத்திருக்கிறோம். பழைய மெஷின்களுக்கும் எல்லோருடைய மேஜைக் கம்ப்யூட்டர்களுக்கும் சின்னப் பொட்டலம்தான் தெரியும். அவை பேசும்போது சர்வரும் இறங்கி வந்து சின்னதாகவே கட்டும். அதனால் நான் கேள்வியையே பெரிய பொட்டலமாகக் கட்டி அனுப்பினேன். பதிலே இல்லை. மறுபடி அனுப்பினேன். இல்லை. வாளையாரில் தினம் பார்க்கிற காட்சிதான்: ஸ்கூட்டர்கள் சந்தில் புகுந்து போய்க்கொண்டே இருக்கும், பெரிய லாரி மட்டும் மாட்டும். அங்கேயாவது லாரியை ஓரம் கட்டுவார்கள். இங்கே லாரியே காணாமல் போகிறது. அனுப்பியவனுக்குத் தகவல்கூட இல்லை. எழுதப் போன மழையெல்லாம் அப்படிக் காணாமல் போய், அந்த இடத்தில் சைபர் நின்றிருக்கிறது.

அப்படியானால் வழியில் ஏதோ ஒன்று பெரிய பொட்டலத்தை விழுங்குகிறது. சர்வர்களை அடுக்கியிருக்கும் ரேக்கின் பின்பக்கம் போய் முட்டி போட்டு அந்த சர்வரின் கேபிளைக் கையால் தடவிக்கொண்டே போனேன். மற்ற சேமிப்பு சர்வர்களின் கேபிள்கள் மேலே இருக்கிற புது ஸ்விட்சில், அதாவது கேபிள்களை இணைக்கிற பெட்டியில், சொருகியிருந்தன. இது மட்டும் கீழே, பழைய மெஷின்களுக்காக வைத்திருந்த பழைய ஸ்விட்சில். அதற்குப் பெரிய பொட்டலம் ஆகாது. இரண்டு ஸ்விட்சிலும் எந்தத் துளை யாருக்கு என்று ஒட்டி வைத்திருந்த ஸ்டிக்கர்கள் ஒன்றையும் காணவில்லை. பளபளவென்று துடைத்து, இரண்டின் நெற்றியிலும் சந்தனப் பொட்டு, அதன் நடுவில் குங்குமம்.

அங்கேயே உட்கார்ந்துவிட்டேன்.

பூஜை மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை. கேரளத்து வழக்கப்படி புத்தகத்தையும் ஆயுதத்தையும் பூஜைக்கு வைத்துவிட்டால் விஜயதசமி காலை வரை தொடமாட்டார்கள். எங்கள் பக்கத்தில் ஆயுத பூஜை என்றால் லேத் முதல் சைக்கிள் வரை கழுவித் துடைத்துப் பொட்டு வைப்பது. எங்கள் தலைவருக்கு இரண்டும் வேண்டும். எல்லா மெஷினையும் நிறுத்திப் பூஜைக்கு வைத்தார். அதற்கு முன் எல்லாவற்றையும் சுத்தம் செய்தார். தானே செய்தார். யாரையும் கிட்டே விடவில்லை. நான் ஈரத்துணியை எடுத்தபோது, "நீ போயி பொரியில வெல்லத்தக் கலக்கு அம்மிணி. சாமி காரியம், முறையாச் செய்யோணும்" என்றார். முறையாக! ஒவ்வொரு கேபிளாக உருவித் துடைத்திருக்கிறார். அழுக்கேறிப் போயிருந்த ஸ்டிக்கர்களைப் பூஜைக்கு ஆகாது என்று உரித்துப் போட்டிருக்கிறார். பிறகு ஞாபகத்தில் இருந்தபடி திரும்பச் சொருகியிருக்கிறார். அந்த ஸ்டிக்கர்களை வேலைக்குச் சேர்ந்த புதிதில் நான்தான் ஒட்டினேன்.

நேராக அவர் அறைக்குப் போய்ச் சொன்னேன். முகம் ஒரு நொடி வெளுத்தது. பிறகு சகஜமாகிவிட்டார்.

"சரி, அவ்வளவுதானே? மேல மாத்திச் சொருகீரு. முடிஞ்சுது."

"அந்த மெயில்ல எழுதுனதுங்க சார்? அவங்க தப்பு இல்லைன்னு இன்னொரு மெயில் போடோணுமில்லீங்க?"

"வியாழக்கெழம குழுவே பார்த்துக்கும். அவங்களே எதாச்சும் முடிவு பண்ணட்டும்."

"அவங்களுக்கு எப்படீங்க தெரியும்? நான் கேபிளை மாத்தீட்டா எல்லா மெஷின்லயும் தெறக்கும். தப்பு நடந்ததுக்கு அடையாளமே இருக்காது. அக்கா பேரு மட்டும் அப்படியே நிக்கும்."

அவர் குரலைத் தாழ்த்தினார். "இதப் பாரு. பூஜை பண்ணப் போயி மெஷினு கெட்டுச்சுன்னு வெளிய போனா, அடுத்த வருஷம் இங்க ஒரு கற்பூரம் கொளுத்த உடமாட்டாங்க. சாமி காரியத்த இதுல இழுக்காதே. நீ நம்ம ஆளுன்னுதான் சொல்றேன்."

சாமியை இழுத்தது நானா? தன் கைவேலையைச் சாமியின் பின்னால் ஒளித்து வைக்கிறவர் அவர். பூஜை பண்ணுங்கள், பொட்டு வையுங்கள், ஆனால் கேபிளை உருவினால் உருவினேன் என்று சொல்லுங்கள்! இவ்வளவையும் மனசுக்குள்தான் சொன்னேன். வாயால் சொன்னது ஒன்றே ஒன்று.

"நான் இப்ப மாத்தமாட்டேனுங்க சார்."

வெளியே வந்ததும் முதல் வேலையாகப் புது மெஷின்களில் புதிதாக எந்த வேலையும் ஏறாதபடி நிறுத்தினேன். அடையாளத்தை வைத்திருக்கிறேன் என்று இன்னொருவர் ஃபைலில் சைபர் விழ விடக்கூடாது. பிறகு அக்காவின் கைடுக்குப் போன் செய்தேன். கொட்டாரக்கரைப் பக்கத்து மலையாளி, கறாரானவர், தமிழ் புரியும். "குழு கூடுவதற்கு முன்னால் ஐந்து நிமிஷம் எங்கள் அறைக்கு வாருங்கள், ஃபைலை நீங்களே திறந்து பாருங்கள்" என்றேன். வேறொன்றும் சொல்லவில்லை.

வியாழக்கிழமை காலை கைடும் குழுவிலிருந்து ஒரு பேராசிரியையும் வந்தார்கள். அக்கா கதவோரம் நின்றார். தலைவர் சந்தோஷமாக வரவேற்றுத் தன் மேஜையிலிருந்தே ஃபைலைத் திறந்து காட்டினார். "பாருங்க, எனக்குத் தெறக்குது."

"இங்க உக்காந்து தெறங்க சார்" என்று கைடுக்குப் புது மெஷினின் திரையைக் காட்டினேன். உட்கார்ந்தார். அதே ஃபைல். கர்ஸர் சிமிட்டியது. அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி போட்டுப் பார்த்தார். கர்ஸர் அப்படியேதான் நின்றது.

"இப்பப் பாருங்க" என்று ரேக்கின் பின்னால் போய் அந்த ஒரு கேபிளை உருவி மேல் ஸ்விட்சில் சொருகினேன். கொஞ்ச நேரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு திரையில் எண்கள் கடகடவென ஓடின. நடுவே சைபர்கள் வந்தன. எழுதும்போது தொலைந்தது திரும்பி வராது. அதையும் விளக்கினேன்: சைபர் விழுந்த துண்டுகள் எல்லாமே அந்த ஒரே சர்வருக்குப் போக வேண்டியவை. வேறு எந்த சர்வரின் துண்டிலும் ஒரு சைபர் இல்லை. ஒரு மனுஷி தப்பாக எதையோ அமுக்கினால் இப்படிக் கச்சிதமாகக் கெடாது.

கைடு நிமிர்ந்து தலைவரைப் பார்த்தார். "அப்போ தெற்று நம்முடேதாணு, அல்லே?"

தப்பு நம்முடையதுதானே என்று கேட்டார். 'நம்முடையது' என்றது அவருடைய மரியாதை.

"கேபிள் கொஞ்சம் லூஸாயிருந்திருக்குது" என்றார் தலைவர்.

"லூஸ் இல்லீங்க சார். எடம் மாத்திச் சொருகுனது. பூஜைக்குத் தொடைக்கும்போது."

சொல்லிவிட்டேன். பேராசிரியை ஸ்விட்சின் சந்தனப் பொட்டைப் பார்த்தார். அக்கா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அன்று மத்தியானம் குழு அக்காவுக்கு நீட்டிப்புக் கொடுத்தது. சாயங்காலம் தலைவரின் மெயில் வந்தது. சில தொழில்நுட்பக் காரணங்களால் ஏற்பட்ட தடங்கல் நீக்கப்பட்டுள்ளது, உபயோகிப்பவரின் அனுமதி மீட்டுத் தரப்படுகிறது. முதல் மெயிலில் 'கவனக்குறைவு' என்று ஒரு ஆளின் மேல் எழுதத் தெரிந்தது. இரண்டாவது மெயிலில் ஆளே இல்லை! எல்லாம் தானாக ஏற்பட்டு, தானாக நீங்கிவிட்டன. வருத்தம் என்ற வார்த்தைக்கு அந்த மெயிலில் இடம் கிடைக்கவில்லை.

நான் அதே மெயிலுக்கு, அதே எல்லோருக்கும் பதில் எழுதினேன். கோப்புகள் கெட்டதற்கு உபயோகிப்பவர் காரணம் அல்ல, எங்கள் அறையில் ஒரு கேபிள் இடம் மாறியதே காரணம், முதலில் வந்து தகவல் சொன்னவரே அவர்தான். மூன்று வரி. அனுப்பிவிட்டு மேஜையைத் துடைத்தேன். யாரும் பதில் போடவில்லை. தலைவர் அன்றிலிருந்து என்னிடம் மலையாளத்தில் மட்டும் பேசுகிறார்.

அக்கா மட்டும் வந்தார். நன்றி சொல்ல வருகிறார் என்று நினைத்து, அதெல்லாம் வேண்டாங்கக்கா என்று சொல்லத் தயாராக இருந்தேன்.

"படிச்சேன் பிள்ள. நல்லா எழுதியிருக்க. அந்த மனுஷன நெனச்சா எனக்கும் இன்னும் ஆறல. ஆனா எனக்கு ரெண்டு வாரம் போச்சு. மொதல்ல இருந்து ஓட்டணும். புது மெஷின் வரிசைல எத்தன பேரு நிக்காங்க?"

"நெறையா பேருங்கக்கா. நான் நிறுத்தி வெச்சிருந்தனில்ல, எல்லாம் சேர்ந்திருச்சு."

"என்னய முன்னால போடு."

வரிசையை மாற்றத் தலைவரின் ஒப்புதல் வேண்டும் என்பது எங்கள் விதி. அவர் அறை விளக்கு எரிந்துகொண்டுதான் இருந்தது. நான் எழுந்து போகவில்லை. அக்காவின் மழையை முதலில் வைத்து ஓட விட்டேன்.